எஜிதியோ என்னை ‘நீ’ என்று அழைத்த வாரம்

ரோமிலிருந்து ஒரு கூட்டம் எங்கள் ஊருக்குப் படம் எடுக்க வந்தது. பைத்தியக்காரர்களைப் பற்றிய படம். அப்படிச் சொல்லக் கூடாதாம். ‘நட்பைப் பற்றிய படம்’ என்று சொல்ல வேண்டுமாம். இரண்டு மனநோயாளிகள், அவர்களுக்குள் ஒரு சிநேகம், ஒரு பஸ்ஸைத் திருடிக்கொண்டு ஓட்டம், கடைசியில் கடல். இத்தாலியப் படங்களில் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் எப்படியோ கடைசியில் கடற்கரைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். எங்கள் திரியெஸ்தேயில் கடலைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். எங்கள் வீட்டுக் கக்கூஸ் ஜன்னலைத் திறந்தாலே தெரியும்.

அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். பெயர் மரீனோ. கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். என் வேஷத்தில் நடிக்க வந்த பையன் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைக் கண்டு மண்டியிட்டு அழ வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். “தம்பி, நான் பாதி ஆயுசைக் கடல்மேலதான் கழிச்சேன்” என்றேன். “அது மேலோட்டமா பார்த்தது. நீ இன்னும் உள்ளுக்குள்ள பார்க்கலை” என்றான். அதோடு எனக்குத் திக்குவாய் வேறு வைத்துவிட்டான். எனக்கு இருப்பது திக்குவாய் இல்லை, தலைக்குள் ஒரு குரல். துறைமுகச் சுங்க அதிகாரி போல, எங்கே போனாலும் “என்ன கொண்டு போறே, பையைத் திற” என்று கேட்கும். மருந்து போட்டால் தூரத்திலிருந்து கேட்கும். போடாவிட்டால் பக்கத்தில் வந்து நிற்கும். சுங்க அதிகாரியெல்லாம் திரையில் எடுபடாது என்று அந்தக் குரலுக்கு ஒரு அழகான பெண்ணைப் பேச வைத்தார்கள். இருபது வருஷமாக அந்த ஆளோடு குடித்தனம் பண்ணுகிற எனக்கு, அந்தப் பெண்ணையாவது கொடுத்திருக்கலாம்.

இன்னொருவர் எஜிதியோ. நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். கதைக்கு மூலமே அவர்தான். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கடைசி நிறுத்தத்தில் நிற்காமல் பஸ்ஸை எல்லை தாண்டி ஸ்லோவேனியாவுக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. உலகத்தில் உள்ள எல்லா சாலைகளும் தனக்காகத் திறந்திருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. பயணிகளில் சிலர் அலறினார்கள், ஒருவர் அங்கே பெட்ரோல் மலிவு என்று சந்தோஷப்பட்டார். பத்திரிகையில் வந்தது, ஊரே சிரித்தது. ஆனால் உள்ளே ஒரு கிழவி விழுந்து இடுப்பு முறிந்ததைச் சிரித்தவர்கள் யாரும் சொல்வதில்லை. வேலை போனது. மனைவி போனாள். மகள் மிரெல்லாவும் பிற்பாடு ஒதுங்கி, பதினோரு வருஷம் அவரோடு பேசவில்லை.

படத்தில் அந்தப் பஸ்ஸில் நானும் இருக்கிறேன், அவருக்குப் பாட்டுப் பாடிக் காட்டுகிறேன். உண்மையில் அன்றைக்கு வரை நான் அவரைப் பார்த்ததே இல்லை. மறுநாள் மனநல மையத்தில்தான் சந்தித்தேன். போலீஸ்காரன், டாக்டர், நர்ஸ், சொந்தத் தம்பி என்று எல்லோரும் அவரை ஒரே நாளில் ‘நீ, வா, போ’ என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு மூளை பிசகினால் முதலில் பறிபோவது ‘நீங்கள்’தான். டாக்டர் அன்பாகத்தான் ‘நீ’ போடுகிறார், அது வேறு விஷயம். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். எஜிதியோ வந்து, “மன்னிக்கணும் சார், இந்த நாற்காலியிலே யாராவது வராங்களா?” என்று கேட்டார். “இல்லை சார், நீங்க உட்காருங்க” என்றேன். அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பாத்திரத்தில் சமைக்கிறோம், அவர் உள்ளாடையை நான் காயப்போடுகிறேன். இன்றைக்கும் ‘சார்’தான், ‘நீங்க’தான்.

இயக்குநர் அலெஸ்ஸியோவுக்கு இதுதான் தாங்கவில்லை. கழுத்தில் கோடையிலும் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டிருப்பான். “இருபது வருஷ சிநேகிதங்க, ‘வாங்க சார், போங்க சார்’னா தியேட்டர்ல சிரிப்பாங்க. ‘நீ’ன்னு சொல்லுங்க, கட்டிப் பிடிங்க. உங்களுக்குள்ள ஒரு சுவர் இருக்கு, அதை உடைங்க” என்றான்.

“சுவர் இல்லைன்னா வீடு எப்படிங்க நிக்கும்?” என்று கேட்டார் எஜிதியோ, பணிவாக.

அலெஸ்ஸியோ சிரித்தான். அவனுக்குப் பதில் புரியவில்லை என்றால் சிரித்துவிடுவான். பிறகு எஜிதியோவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். “நீ ரொம்ப சாதுவா இருக்கே எஜிதியோ. எல்லைக்கு அந்தாண்ட பஸ்ஸை ஓட்டிக்கிட்டுப் போனானே ஒருத்தன், அவன் எங்கே? அவனை ஒரே ஒரு தடவை பார்க்கணும்னு ஆசையா இருக்கு.”

“அவரை மாத்திரையிலே கரைச்சுட்டாங்க” என்றார் எஜிதியோ.

“எவ்வளவு பெரிய நஷ்டம்” என்றான் அலெஸ்ஸியோ. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சொல்வார்களே, அதுதான் இது. போனது அவன் மூளை இல்லை, அதனால் எவ்வளவு போனாலும் அவனுக்கு லாபம்.

அந்த வார்த்தை எஜிதியோவுக்குள் எவ்வளவு ஆழமாகப் போனது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. வருஷக்கணக்காக அவரிடம் எல்லோரும் சொன்னது ‘அடங்கியிரு, அமைதியாயிரு’ என்பதுதான். முதன்முறையாக ஒருவன், அதுவும் கேமராவோடு வந்தவன், அந்தப் பழைய ஆளைக் காணோமே என்று ஏங்கினான். அதற்கு மேல், பஸ்ஸை ஓட்டும் காட்சியில் எஜிதியோவே ஓட்டலாம் என்றும் சொல்லிவிட்டான். எஜிதியோவாக நடித்த நடிகனுக்குத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கத் தெரியும், பஸ் ஓட்டத் தெரியாது. எஜிதியோவின் உரிமம் எப்போதோ ரத்தானது. மூடிய சாலைதானே, கொஞ்ச தூரம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்றார்கள்.

இந்தச் சமயத்தில் எஜிதியோவுக்கு வேறொரு காரியம் இருந்தது. படத்தைவிடப் பெரிய காரியம். பதினோரு வருஷத்துக்குப் பிறகு மிரெல்லா போனில் பேச ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் கொரிட்சியாவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். “அப்பா, நீங்க நல்லா இருந்தா மட்டும்தான் வருவேன். ஒரு தடவை பார்த்தாச்சு, என் புள்ளை அதைப் பார்க்க வேண்டாம்” என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள். போனை வைத்தபின் எஜிதியோ, உள்ளே பிளம் பழம் வைத்துச் செய்யும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை அவளுக்குச் சின்ன வயதில் பிடிக்கும் என்று என்னிடம் மூன்று முறை சொன்னார்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, தெருமுனைக் காபிக் கடையில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அலெஸ்ஸியோவும் இருந்தான். நான் காபியை மெதுவாகக் குடிக்கிறவன். எஜிதியோ தன்னுடைய காபியை ஒரே மடக்கில் முடித்துவிட்டு என் தோளில் பளாரென்று தட்டினார்.

“என்னடா மரீனோ, நீ இன்னும் குடிச்சு முடிக்கலையா?”

கண்ணாடி டம்ளர் என் கையிலிருந்து நழுவிக் கவுண்டரில் உருண்டது. இந்த மனிதர் என்னை இதற்கு முன் இரண்டே முறைதான் ‘நீ’ என்று அழைத்திருக்கிறார். முதல் முறை அப்படி அழைத்ததற்குப் பிறகு அவரைக் கூரையிலிருந்து இறக்கினார்கள். இரண்டாவது முறை, வீட்டில் இருந்த நாற்காலிகளையெல்லாம் தெருவில் போகிறவர்களுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

அலெஸ்ஸியோ கைதட்டினான். “இதுதான் எனக்கு வேணும். கடைசியிலே சுவர் உடைஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் இன்னைக்குத்தான் நண்பர்கள் ஆகியிருக்கீங்க.” அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “சார், லித்தியம் மாத்திரை போடறீங்களா?”

“விட்டுட்டேன்டா” என்றார், ஒளிவுமறைவே இல்லாமல். சமையலறை மேஜை நிறைய கொழுக்கட்டை; காலையில் அங்கே எட்டிப் பார்க்காமலே கிளம்பியிருந்தேன். விடியுமுன்பே எழுந்து நூறு பேருக்குச் செய்து வைத்திருந்தார். அங்கே இருந்த ஜன்னல் திரைகள் எல்லாம் கழற்றி இஸ்திரி போட்டு மடித்திருந்தன. “கைநடுக்கம் போயிடுச்சு பாரு. அலெஸ்ஸியோ கேட்ட ஆளு வரான். என் பேரனும் அவனைத்தான் பார்க்கப்போறான், இந்த அவிச்ச உருளைக்கிழங்கை இல்லை. பஸ்ஸிலே புள்ளையை வெச்சு வியன்னா வரைக்கும் காட்டப்போறேன்.”

“மிரெல்லா திரும்பிப் போயிடுவாங்க சார்.”

“உனக்கு வயித்தெரிச்சல்” என்றார்.

மனநல மையத்தின் நர்ஸ் நேவியாவுக்குப் போன் செய்தேன். எஜிதியோவுக்குப் பழையபடி பித்து ஏறிக்கொண்டிருக்கிறது, மத்தியானம் பஸ் ஓட்டப்போகிறார் என்றேன்.

“மரீனோ, நீ மாத்திரை போட்டியா?” என்றாள்.

“போட்டேன். நான் சொல்றது என்னைப் பத்தி இல்லை.”

“ராத்திரி தூங்கினியா? குரல் ஏதாவது சொல்லுதா?”

“குரலுக்குப் பஸ்ஸைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான்தான் சொல்றேன்.”

சாயந்திரம் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். மறுபடி செய்தேன், மறுபடி செய்தேன். பைத்தியம் தெளிந்தது, உலக்கையைக் கொண்டுவா கோவணம் கட்ட என்று ஒரு பழமொழி உண்டு. நாங்கள் எதைக் கேட்டாலும் உலகத்துக்கு அந்த உலக்கைதான் கேட்கிறது. தீப்பிடித்திருக்கிறது என்று சொன்னால்கூட, முதலில் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்கள்.

படப்பிடிப்பு மலைமேல், எல்லைக்குப் போகும் பழைய சாலையில். அலெஸ்ஸியோவைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவன் என் தோளைச் சுற்றிக் கை போட்டான். “உனக்குப் பொறாமை மரீனோ. நேத்து வரைக்கும் அவன் உனக்கு மட்டும் சொந்தம். தப்பில்லை, மனுஷ சுபாவம். இதையும் சேர்த்துக்கலாம், நல்ல காட்சி.” உடனே உதவியாளரைக் கூப்பிட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னான்.

பஸ்ஸில் நானும் ஏறினேன். எனக்கு ‘வலதுபுறம் மூன்றாவது நோயாளி’ வேஷம். அதுவும் சுலபமாகக் கிடைக்கவில்லை. என் முகத்தில் போதிய நோய் இல்லை என்று தலைமுடியைக் கலைத்துவிட்டார்கள். மற்ற நோயாளிகள் எல்லாம் நடிப்புப் பள்ளி மாணவர்கள். ஒருத்தி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஒருவன் எச்சில் வடித்தான். மையத்தில் இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு சுத்தமான பைத்தியத்தைப் பார்த்ததில்லை.

பஸ் கிளம்பியது. சாலை ஓரத்தில் ஒரு வேன் நிற்கும், அங்கே நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. எஜிதியோ நிறுத்தவில்லை. வேனைத் தாண்டினார். கேமராவைத் தாண்டினார். கையை வெளியே நீட்டி எல்லோருக்கும் டாட்டா காட்டினார். வளைவுக்கு அப்பால் எல்லை. அங்கே சாலையை யாரும் மூடவில்லை, லாரிகள் வந்துகொண்டிருக்கும்.

“எஜிதியோ சார், நிறுத்துங்க” என்றேன்.

“போடா” என்றுவிட்டுப் பாட்டை எடுத்தார்.

மாணவர்கள் இதுவும் திரைக்கதையில் உள்ளது என்று நினைத்து இன்னும் நன்றாக எச்சில் வடித்தார்கள். நான் எழுந்தேன். வேகத்தில் நிற்க முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். அவரிடம் பேசிப் பயனில்லை. காதுக்குள் போகிற வழி மூடியிருந்தது. வெளியே மஞ்சள் பலகையோடு ஒரு பழைய நிறுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

மணி அடித்தது.

எஜிதியோவின் தலை பாடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. இத்தனை வருஷ உத்தியோகம் காலுக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. இறங்கப் பயணி கேட்டால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பஸ் மெதுவாகி, மஞ்சள் பலகைக்கு நேராக நின்றது. கதவு திறந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்து, யார் இறங்குகிறார்கள் என்று காத்திருந்தார்.

“நான்தான் சார். நீங்களும் இறங்குங்க” என்றேன். சாவியையும் உருவிக்கொண்டேன்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கீழே இறங்கி வந்தவர் என் சட்டையைப் பிடித்தார். “நீ யாருடா என் பஸ்ஸை நிறுத்த? நீ என்ன சிநேகிதனா? நீ வார்டன்டா. இருபது வருஷமா என்னைப் பூட்டி வெச்சிருக்கே. உன் மண்டைக்குள்ள இருக்கிற நாயைக் கட்ட வக்கில்லை, என்னைக் கட்ட வந்துட்டே.” இன்னும் நிறையச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் எங்கே வலிக்கும் என்று தெரிந்து சொன்னது. அதை வேறு யாராலும் சொல்ல முடியாது, வேறு யாருக்கும் என்னை அவ்வளவு தெரியாது. எனக்கு அழுகை வந்தது.

கேமரா வேன் பின்னாலேயே வந்துவிட்டது. ஓடிவந்து அவரைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். அலெஸ்ஸியோ குனிந்து, “நிறுத்தாதே, எடு, எடு” என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். நேவியா வந்து சேரும்வரை எடுத்தார்கள்.

எஜிதியோவை மையத்தில் சேர்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுக்கட்டையை நான் தனியாகத் தின்றேன். மிரெல்லாவுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மறுமுனையில் குழந்தை ஏதோ சத்தம் போட்டது. “பஸ் எங்கே நின்னுது?” என்று மட்டும் கேட்டாள். “எல்லைக்கு முன்னாலேயே, நிறுத்தத்துல” என்றேன். “சரி” என்று வைத்துவிட்டாள்.

சில வாரம் கழித்து, எஜிதியோ தெளிந்து, முகம் வீங்கி, கை நடுக்கத்தோடு உட்கார்ந்திருந்தபோது அலெஸ்ஸியோ பூங்கொத்தோடு வந்தான். அந்தச் சண்டையைப் படத்தில் சேர்க்க அனுமதி வேண்டுமாம். “என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த உண்மையான காட்சி இதுதான்” என்று போனில் போட்டுக் காட்டினான். எஜிதியோ முழுதும் பார்த்தார். தான் என்னைச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இவரைத்தானே நீங்க பார்க்கணும்னு ஆசைப்பட்டீங்க?” என்று கேட்டார்.

“ஆமா. பார்த்துட்டேன்.”

“ரெண்டு நிமிஷம் பார்த்தீங்க. அவரோட நான் குடும்பம் நடத்தியிருக்கேன். அவராலே எனக்கு ஒரு பொண்ணே இல்லாமப் போச்சு.” பூங்கொத்தைத் திருப்பி அவன் கையில் வைத்தார். “கூடாதுங்க. மரீனோ சாரை அப்படிப் பேசினதை ஊர் பார்க்கக் கூடாது.”

அலெஸ்ஸியோ வாதாடினான், கலை என்றான், உண்மை என்றான், கடைசியில் நேவியா கதவைத் திறந்துவிட்டாள். படம் பிறகு வெளிவந்தது. அதில் நடிகர்கள் இருவரும் கடற்கரையில் கட்டிப் பிடித்து, ‘நீ’ என்றும் ‘நீ’ என்றும் சொல்லி அழுகிறார்கள். தியேட்டரில் ஜனங்களும் அழுதார்களாம். நாங்கள் போகவில்லை.

மிரெல்லா இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மலையிலிருந்து இறங்கும் போரா என்கிற குளிர்காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. முன்கூட்டிச் சொல்லவில்லை. கதவைத் திறந்தால் குழந்தையை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். வாராந்தர வருகைக்கு வந்திருந்த நேவியா உடனே எழுந்து நின்று, எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிற குரலில் ஏதேதோ விளக்கினாள். எஜிதியோ நாற்காலியை விட்டு எழவில்லை. நடுங்கும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து மறைத்துக்கொண்டார். குழந்தையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கொடு என்று கேட்கவே இல்லை.

மிரெல்லா நேவியா பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மரீனோ சார், குடுக்கலாமா?”

இந்தத் தலையை நம்பி யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மணி எத்தனை என்று கேட்டால்கூடச் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். எஜிதியோவை நன்றாகப் பார்த்தேன். கண், வாய், உட்கார்ந்திருக்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்தேன், அவசரப்படவில்லை.

“கை நடுங்கும்மா. அது மாத்திரையோட வேலை. ஆளு சரியாத்தான் இருக்காரு. சோபாவிலே உட்கார வெச்சுக் குடுங்க” என்றேன்.

எஜிதியோவைச் சோபாவுக்கு மாற்றி, இரண்டு பக்கமும் தலையணை வைத்தோம். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து, நடுங்குகிற விரலை ஒரு விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் பிடித்துப் பார்த்தது. நேவியா கைகளை நீட்டியபடி பக்கத்திலேயே போய் நின்றாள்.

“உருளைக்கிழங்கு இருக்கா சார்? நான் போய்த் தண்ணி கொதிக்க வைக்கறேன்” என்றாள் மிரெல்லா. நேவியாவையும் சமையலறைக்கு வரச் சொன்னாள். குழந்தையைத் தூக்கிக்கொள்ளாமலே போனாள்.